கூண்டுக்குள் நுழையும் கையும் கடல் முயலின் நரம்பும்

கூண்டுக்குள் கையை நீட்டினாலே கம்பியில் மோதிப் பதறும் லவ் பேர்ட்ஸ் குஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக் கைக்குள்ளேயே வைத்திருந்தால் பழகிவிடும் என்று தம் மாமா சொல்வது சரிதானா என, கீழக்கரையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்.

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜிரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளிதான். பனைப் பொந்தில் குஞ்சு பொரிக்கும் நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், இங்கே சொல்வது பட்ஜிரிகருக்கு மட்டுமே.

மாமா சொல்வது தவறு. ஏன் தவறு என்பதை மன்னார் வளைகுடாவில் பாசி மேய்ந்து திரியும் கடல் முயல் என்னும், வெளியே ஓடு தெரியாத நத்தையின் உறவினம் ஒன்று விளக்கியிருக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் அந்த இனத்திற்குச் சுமார் 20,000 நரம்பணுக்களே உண்டு. அவற்றுள் சில வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை. அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தொடுவதால் தீங்கில்லை என்றானபின் இழுப்பது குறைந்துகொண்டே வரும். நரம்பியல் அறிஞர் எரிக் காண்டலும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தபோது, தசை களைத்துவிடவில்லை, தோலும் மரத்துப்போகவில்லை. உணர்வு நரம்பின் முனை அடுத்த நரம்பிற்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவுதான் குறைந்திருந்தது. ஒரே நாளில் 40 முறை தொட்டதைவிட, நாளுக்கு 10 முறையாக 4 நாள் தொட்டபோது அந்தப் பழக்கம் வாரக்கணக்கில் நிலைத்தது. மாறாக, வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால் போதும், அதன்பின் மெல்லிய தொடுதலுக்கும் செவுள் வெடுக்கென்று சுருங்கியது. இந்த ஆய்வுகளுக்காகக் காண்டல் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நத்தையைத் தொட்டுப் பார்க்க மக்கள் பணமா என்று கேட்பவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அடிப்படை ஆய்வின் பயன் எந்தக் கூண்டில் வந்து அமரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியாது என்பதே என் கருத்து.

கிளியின் மூளை இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது என்றாலும், அச்சம் தணிவதும் பெருகுவதும் அதே போக்கில்தான் நிகழ்கின்றன. குஞ்சைத் துரத்திப் பிடிப்பது அதற்கு மின்னதிர்ச்சிக்கு ஒப்பானது. ஆகவே, நாளுக்கு இரண்டு மூன்று முறை, சில நிமிடங்கள் மட்டும், கையைக் கூண்டுக்கு வெளியே அசையாமல் வைத்திருந்து, குஞ்சு அமைதியாக இருக்கும் நொடியில் விலக்கிக்கொள்ள வேண்டும்; பதறும்போது விலக்கினால், பதறினால் கை போய்விடும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். பிறகு கூண்டுக்குள் தினைக்கதிரோடு கையை நீட்டலாம். கிளி ஜோசியக்காரரின் பறவை சீட்டை உருவுவதும் இத்தகைய தானியத்துக்காகத்தானே தவிர, நம் வருங்காலத்தை அறிந்து அல்ல. கையிலிருந்து கொறிக்கத் தொடங்கியபின், கால்களுக்குச் சற்று மேலே வயிற்றில் விரலை மெல்ல அழுத்தினால், நிலை தடுமாறாமலிருக்க அது விரலின்மேல் ஏறிக்கொள்ளும். முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்த அதன் கால்விரல்கள் இறுகப் பற்றிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பழகுவது குறிப்பிட்ட ஒரு தோற்றத்திற்குத்தான். பெருநாளுக்கு மருதாணி இட்டு, கண்ணாடி வளையல் குலுங்க நீட்டப்படும் கையை அந்தக் குஞ்சு வேறு யாருடைய கையோ என்று அஞ்சி விலகக்கூடும். அன்றைக்குத் தினைக்கதிரோடு மீண்டும் கூண்டுக்கு வெளியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.