தகைசால் முன்னாள் மாணவர்: ஒரு விருதின் பெயரும் அதன் வேர்களும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தி, "முன்னாள் சிறந்த மாணவர்" என்று பொறித்த கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். அவர் மேடையை விட்டு இறங்கி வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்தைப் படித்துவிட்டு, "படிக்கிற காலத்துல எனக்கு மூணு பேப்பர் அரியர். அன்னிக்கும் நான் சிறந்த மாணவன் இல்லை, இன்னிக்கும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று சிரித்தார். சொற்களின் வரிசை மாறியதால் வந்த பிழைதான் அது. ஆனால் தம்மிடம் படித்துச் சிறப்புற்றவர்களுக்குக் கல்லூரிகள் வழங்கும் 'டிஸ்டிங்விஷ்ட் அலும்னஸ்' என்ற விருதின் பெயரைத் தமிழில் எழுத முற்படும் எவரும் இதே பள்ளத்தில் காலை வைக்கக்கூடும் என்பதால், அப்பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் அலும்னஸ். நம் கல்லூரி வாசல்களில் கட்டப்படும் பதாகைகளில் இது 'அலுமினி மீட்' என்றே காணப்படுகிறது. இலத்தீனில் அலும்னஸ் ஆண்பால் ஒருமை, அலும்னி அதன் பன்மை. அலும்னா பெண்பால் ஒருமை, அலும்னே அதன் பன்மை. ஆகவே "நான் இந்தக் கல்லூரியின் அலுமினி" என்று ஒருவர் சொன்னால், "நான் இந்தக் கல்லூரியின் மாணவர்கள்" என்று சொன்னதாகவே ஆகும். அலுமினியத்துக்கும் இதற்கும் உறவில்லை. உலோகத்தின் பெயர் படிகாரத்தைக் குறிக்கும் 'அலூமென்' என்ற வேறொரு இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்கர்கள் ஒருமை பன்மைத் தொல்லையும் ஆண்பால் பெண்பால் தொல்லையும் வேண்டாமென்று 'அலம்' எனச் சுருக்கிக்கொண்டதில், ஆங்கிலத்தில் படிகாரத்தின் எழுத்துக்கூட்டும் முன்னாள் மாணவரின் எழுத்துக்கூட்டும் ஒன்றாகிவிட்டன.

அலும்னஸ் என்பதன் வேர் 'அலெரெ' என்னும் இலத்தீன் வினை. ஊட்டுதல், ஊட்டி வளர்த்தல் என்பது அதன் பொருள். அலும்னஸ் என்றால் ஊட்டி வளர்க்கப்பட்டவன், அதாவது வளர்ப்புப் பிள்ளை. பழைய உரோமானியக் கல்லறைக் கல்வெட்டுகளில் இச்சொல், பெற்றோரல்லாத பிறரால் வளர்க்கப்பட்ட பிள்ளைகளைக் குறிக்க வருகிறது. அவர்களுள் கைவிடப்பட்டு எடுத்து வளர்க்கப்பட்டவர்களும் உண்டு. இதே வேரிலிருந்து கிளைத்தவைதாம் ஆங்கிலத்தில் வளரிளம் பருவத்தாரைக் குறிக்கும் 'அடோலசென்ட்', வளர்ந்து முடித்தவரைக் குறிக்கும் 'அடல்ட்', மணமுறிவுக்குப் பின் வழங்கப்படும் ஜீவனாம்சத்தைக் குறிக்கும் 'அலிமோனி' ஆகியவை. வளர்கிறவர், வளர்ந்தவர், சோற்றுக்கு வழி என்று எல்லாமே உணவைச் சுற்றி நிற்கின்றன.

படித்த கல்லூரியை 'ஆல்மா மேட்டர்' என்று சொல்வதும் அதே குடும்பம். ஆல்மா என்றால் ஊட்டி வளர்க்கின்ற. மேட்டர் என்றால் தாய். உரோமானியர் இதைத் தம் பெண்தெய்வங்களுக்கு அடைமொழியாக வழங்கினர். பின்னர் கிறித்தவர்கள் அன்னை மரியாளுக்கு வழங்கினர். 1088-இல் தோன்றியதாகக் கொள்ளப்படும் இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகம் 'ஆல்மா மேட்டர் ஸ்டூடியோரம்' என்பதையே தன் பெயராகச் சூடிக்கொண்டிருக்கிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1903 முதல் இந்தத் தாய் சிலை வடிவில் அமர்ந்திருக்கிறாள்.

இந்த உறவுக்கு நம் இலக்கியத்தில் ஆயத்தமாக ஒரு பெயர் இருக்கிறது: செவிலி. அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவியைப் பிரிந்து புலம்பும் பாடல்களில் பலவற்றைப் பாடுபவள் செவிலியே. இலத்தீன்காரனின் கணக்குப்படி கல்லூரி செவிலித்தாய். அங்கே படித்து வெளியேறியவர் அவள் வளர்த்த பிள்ளை. ஆனால் இன்று செவிலியர் என்றால் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும் என்பதால், இதைக் கலைச்சொல்லாக்கும் ஆசை எனக்கு இல்லை. பொருளை விளக்க மட்டும் உதவும்.

வளர்ப்புப் பிள்ளை என்ற பொருள் ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் மாணவர் என்றும், பின்னர் படித்து முடித்து வெளியேறியவர் என்றும் மாறியது. அந்தப் பிந்திய பொருளுக்கு உரம் போட்டவை அமெரிக்கக் கல்லூரிகள். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1821-இல் நடந்தது இதற்கு நல்ல சான்று. கல்லூரித் தலைவரே மாணவர் சிலருடன் புதிதாகத் தொடங்கப்படும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குப் போய்விட, இனி இந்தக் கல்லூரி நிலைக்குமா என்ற கேள்வி எழுந்தது. அப்போது அங்கே முன்பு படித்தவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றும் இயங்கிவரும் முன்னாள் மாணவர் சங்கங்களில் மிகப் பழையது அதுவே என்பர். கறையான் அரித்த ஆலமரத்தை அதன் விழுதே ஊன்றித் தாங்கும் என்று நாலடியார் சொல்வது தந்தையையும் மகனையும் பற்றித்தான் என்றாலும், வில்லியம்ஸ் கதைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்கள் இரண்டு. தமிழ்நாட்டில் முன்னாள் மாணவர். இலங்கையில் பழைய மாணவர். ஆங்கிலேயர் வழக்கான 'ஓல்ட் பாய்ஸ்' என்பதைத் தழுவிய பழைய மாணவர் சங்கங்களும், மகளிர் பள்ளிகளில் பழைய மாணவிகள் சங்கங்களும் யாழ்ப்பாணத்திலும் அதைக் கடந்து புலம்பெயர்ந்தோர் வாழும் நகரங்களிலும் பெயர்பெற்றவை. இரு சொற்களும் காலத்தையே பேசுகின்றன. யார் வளர்த்தார்கள் என்பதைப் பேசவில்லை. 'முன்னாள்' என்ற அடையில் ஒரு நெருடலும் உண்டு. முன்னாள் அமைச்சர், முன்னாள் தலைவர் என்னும்போது பதவி போய்விட்டது என்ற பொருளே முந்திக்கொண்டு வருகிறது. மாணவப் பருவம் பறிபோகும் பதவியன்று, முடித்துக் கடக்கும் பருவம். இருந்தும், எல்லோருக்கும் ஒரே பொழுதில் விளங்குகிற சொல்லைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றைப் புனைவது வீண்வேலை என்பதே என் கருத்து.

'மாணவர்' என்ற சொல்லைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. இளைஞன், வேதம் பயிலும் பிள்ளை என்ற பொருளுடைய 'மாணவ' என்ற வடசொல்லோடு இதைச் சேர்ப்பவர்கள் உண்டு. மாட்சிமைப்படுதல் என்ற பொருளுடைய 'மாண்' என்ற தமிழ் அடியிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. பிரமசாரியைக் குறிக்கும் 'மாணி' என்ற சொல் வாமனனைப் பாடும் பெரியாழ்வாரிடம் 'மாணிக் குறளனே' என வருகிறது. நன்னூல் 'மாணாக்கர்' என்கிறது. எப்படியாயினும், மாணவர் என்பதிலுள்ள 'அர்' ஈறு மரியாதை ஒருமைக்கும் பன்மைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நின்று, இலத்தீனின் நான்கு வடிவங்கள் செய்யும் வேலையைத் தனியாகச் செய்துவிடுகிறது.

இனி, தடுக்கி விழும் இடமான 'டிஸ்டிங்விஷ்ட்'. இதன் அடிப்படைப் பொருள் பிரித்துக் காட்டுதல், கூட்டத்திலிருந்து தனித்து அடையாளப்படுத்துதல். 'புகழ்பெற்ற' என்று பெயர்த்தால் புகழ் பெறாமல் பெரும்பணி செய்தவர் வெளியே நிற்பார். 'சிறந்த' என்பது தேர்வு மதிப்பெண் வாடை அடிக்கும். 'மாண்புமிகு' அமைச்சர்களுக்கென்று எழுதிவைக்கப்பட்டுவிட்டது. எஞ்சியவற்றுள் எனக்குப் பொருத்தமாகப் படுவது 'தகைசால்'. தகை என்றால் தகுதி, பெருமை. சால் என்றால் நிறைதல். 'தகைசான்ற சொற்காத்து' என்று திருக்குறள் வழங்கும் அதே தொடர்தான் இது. சான்றோர் என்ற சொல்லும் அந்தச் சால் என்ற அடியில் பிறந்தது. தமிழ்நாடு அரசு 2021 முதல் வழங்கிவரும் 'தகைசால் தமிழர்' விருதாலும், முதலில் அதைப் பெற்ற விடுதலைப் போராட்ட வீரர் என். சங்கரய்யாவாலும் இச்சொல் நாளிதழ் வாசகருக்கும் பழகிவிட்டது. ஆங்கிலச் சொல் ஒருவரைப் பிறரிடமிருந்து பிரிக்கிறது. தமிழ்ச் சொல் அவருக்குள் நிறைந்திருப்பதைச் சுட்டுகிறது. விருதுக்கு இரண்டாவதே அழகு.

பிரித்துக் காட்டும் வேலையைத் தாயே செய்வாள் என்பதையும் நம்மவர் மறைக்கவில்லை. 'சிறப்பின் பாலால் தாயும் மனம் திரியும்' என்கிறது புறநானூற்றின் 183-ஆம் பாட்டு; ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளும் கல்விச் சிறப்புடையவன் பக்கம் தாயின் மனம் சாயும் என்கிறான் அதைப் பாடிய பாண்டிய மன்னன். ஆயிரக்கணக்கானோரை வளர்த்த கல்லூரி ஆண்டுதோறும் சிலரை மட்டும் மேடைக்கு அழைப்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் இல்லை.

இவ்விருதின் பாராட்டுரைகளில் தவறாமல் வரும் சொற்கள் இரண்டு: சாதனை, சேவை. ஆங்கில 'அச்சீவ்மென்ட்' பிரெஞ்சில் 'தலைக்கு வருதல்', அதாவது முடிவை எட்டுதல் என்ற தொடரிலிருந்து வந்தது. தமிழிலும் அடைதலுக்குத் தலைப்படுதல் என்று பெயர். 'தலைப்பட்டார் தீரத் துறந்தார்' என்ற குறளில் அது இருக்கிறது. 'சர்வீஸ்' இலத்தீனில் அடிமைத் தொழில். நம் தொண்டும் தொடக்கத்தில் அடிமைத்தன்மையையே குறித்து, பிறகு பக்தியால் உயர்ந்து, பொதுநலப் பணியாக விரிந்தது. ஆகவே சேவை என்று எழுதும் இடத்தில் தொண்டு என்றே எழுதலாம்; ஆனால் சம்பளம் பெற்றுச் செய்த வேலையைத் தொண்டு என்று எழுதக் கூடாது. அதற்குப் பணி போதும்.

1959-இல் தொடங்கிய சென்னை ஐஐடி தன் நிறுவன நாள் விழாவில் இவ்விருதை வழங்குகிறது. அங்கே இயற்பியலும் பிறகு கணினி அறிவியலும் பயின்று, இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் அதைப் பெற்றவர்களில் ஒருவர். விருதுக்கும் நன்கொடைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இன்ஃபோசிஸின் இன்னொரு நிறுவனரான நந்தன் நீலேகணி, மும்பை ஐஐடியில் சேர்ந்து 50 ஆண்டு நிறைந்ததையொட்டி 2023-இல் 315 கோடி ரூபாய் வழங்கினார். வளர்ப்புப் பிள்ளை செவிலிக்குச் சோறு போடுவதில் குறை காண ஏதுமில்லை; காசோலையின் நீளத்தை வைத்துத் தகையை அளந்தால் மட்டுமே குறை. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் இச்சங்கங்கள் திடீரெனத் துளிர்த்ததற்கு வேறொரு காரணமும் உண்டு: உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான 'நாக்' செய்யும் தரமதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்கென்று தனியே ஓர் அளவுகோல் இருக்கிறது.

எனவே கேடயத்தில் 'தகைசால் முன்னாள் மாணவர் விருது' என்று பொறிக்கலாம். அடைமொழி முன்னும், 'முன்னாள்' மாணவருக்கு ஒட்டியும் நிற்கவேண்டும். இடம் மாறினால் அந்தப் பெரியவர் சிரித்தது போல யாராவது சிரிப்பார்கள். இலங்கையில் 'தகைசால் பழைய மாணவர்' என்றால் போதும். பெறுபவர் பெண்ணானாலும் மாணவர் என்பதே பொருந்தும். மகளிர் கல்லூரி ஒன்று 'மாணவி' என்று எழுத விரும்பினால் அதுவும் பிழையாகாது. அழைப்பிதழில் மட்டும் 'அலுமினி' என்று அச்சிடாமல் இருந்தால், அச்சகத்துக்காரருக்கு ஓர் எழுத்துப் பிழை குறையும்.