ரெட்ரீவல் பிராக்டிஸ்: தமிழில் என்ன சொல்வது?

ரெட்ரீவல் பிராக்டிஸ் என்ற ஆங்கிலத் தொடருக்கு மொழிபெயர்ப்பாக, ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளில் ‘மீட்டெடுப்பு நடைமுறை’ என்றொரு தொடர் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. அண்மையில் ஓர் இணையவழிப் பயிற்சியில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியை ஒருவர், “பழைய பாடத்திட்டத்தைத் திரும்பக் கொண்டுவரப் போறாங்களா சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தொடரைத் தமிழாக மட்டும் படித்தால் வேறென்ன தோன்றும்? கைவிட்டுப்போன ஏதோ ஒரு நடைமுறையை மீட்டெடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

சொல்ல வந்த பொருள் மிக எளிது. பாடத்தைப் படித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது, எழுதிப் பார்ப்பது. அப்படிச் செய்வதே கற்றலை உறுதிப்படுத்துகிறது என்பதுதான் உளவியலாளர்களின் கண்டுபிடிப்பு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெட்ரீவ் என்பது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘மீண்டும் கண்டடை’ என்பது அதன் பொருள். தொடக்கத்தில் அது வேட்டைக்காரர்களின் சொல். தவறிப்போன வேட்டைப் பிராணியை நாய் தேடிக் கண்டுபிடிப்பதை அப்படிச் சொன்னார்கள். ரெட்ரீவர் என்ற நாய் இனத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1950 வாக்கில் தகவல் தேடல் துறைக்குள் அந்தச் சொல் புகுந்தது. மனத்தையும் ஒரு கணினி போலப் பார்க்கத் தொடங்கிய உளவியலாளர்கள் பதித்தல், சேமித்தல், எடுத்தல் என்று நினைவை மூன்று படிகளாகப் பிரித்தபோது, மூன்றாம் படிக்கு இந்தச் சொல் நிலைத்துவிட்டது.

சரி, ‘மீட்டெடுப்பு நடைமுறை’யில் என்ன கோளாறு? முதல் கோளாறு ‘நடைமுறை’. பிராக்டிஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வழக்கம், நடைமுறை என்றும் பொருள் உண்டு. பயிற்சி என்றும் பொருள் உண்டு. இங்கே பயிற்சிதான் பொருள். பியானோ பிராக்டிஸை யாரும் பியானோ நடைமுறை என்று எழுதுவதில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அல்லது இயந்திரம் ஒட்டிக் கொடுத்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் இது அச்சுக்கே போயிருக்காது.

‘மீட்டெடுப்புப் பயிற்சி’ என்று திருத்திக்கொண்டால் போதுமே என்பார்கள். பாதிதான் சரியாகும். மீட்பு என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. மீட்டெடுப்பு என்றால் அழிந்துபோன கோப்பைக் கணினியில் திரும்பப் பெறுவது. ஆபத்தில் இருப்பதை, பறிபோனதை, தொலைந்ததைத் திரும்பக் கொண்டுவருவதுதான் மீட்டல். நேற்று நடத்திய பாடம் மாணவர் மனத்தில் ஆபத்திலும் இல்லை, பறிபோகவும் இல்லை.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. அடகுக் கடையில் வைத்த சங்கிலியை மீட்டால், வைத்தபோது இருந்த எடையிலேயே திரும்பி வரும். மீட்டதால் அது கனப்பதில்லை. நினைவு அப்படி அல்ல. தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது வலுப்படுகிறது. உளவியலாளர்களின் ஆய்வுகள் சொல்ல வருவது அதைத்தான். எடுக்கும் செயலே கற்கும் செயல் என்று சொல்லும் ஒரு கருத்துக்கு, ‘இருந்ததை இருந்தபடி திரும்பப் பெறுதல்’ என்ற பொருள் தரும் சொல்லைச் சூட்டினால், பெயரே பொருளை மறைத்துவிடுகிறது.

ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்த குழு முந்தியது: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நான்கு முறையும் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியிருந்தார்கள் என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. விளக்கை அணைக்காமல் இரவு முழுக்கப் புத்தகத்தைப் புரட்டும் பிள்ளைகளுக்கு வரும் நம்பிக்கையும் இதே வகைதான்.

இது புதிய செய்தியும் அல்ல. 1939லேயே ஸ்பிட்சர் என்பவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 3,605 ஆறாம் வகுப்பு மாணவர்களை வைத்துச் சோதித்தார். படித்த கையோடு கேள்விகளுக்கு விடையளித்தவர்கள், பல வாரங்கள் கழித்தும் மற்றவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். 2013இல் ஜான் டன்லாஸ்கியும் மற்றவர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் உயர்ந்த மதிப்பு பெற்றன. அடிக்கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின.

இப்போது இன்னொரு மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். இது எனக்கு அதிகக் கவலை தருவது. இதே கண்டுபிடிப்புக்கு ஆங்கிலத்தில் டெஸ்டிங் எஃபெக்ட் என்றும் ஒரு பெயர் உண்டு. அதைத் தமிழில் ‘சோதனை விளைவு’ என்றும் ‘தேர்வு விளைவு’ என்றும் எழுதுகிறார்கள். முன்னது ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வாங்கும் தாளைப் போல ஒலிக்கிறது. பின்னது தீங்கே செய்யக்கூடியது. நம் ஊரில் தேர்வு என்றால் மதிப்பெண், தரவரிசை, பெற்றோர் கையெழுத்து. ‘தேர்வு வைத்தால் கற்றல் கூடும் என்று உளவியல் சொல்கிறது’ என்று ஒரு தலைமையாசிரியர் படித்தால் என்ன செய்வார்? வாரத் தேர்வை நாள் தேர்வாக்குவார். ஆய்வாளர்கள் வகுப்பறையில் செய்தது அதுவா? இல்லினாய் மாநிலத்தின் கொலம்பியாவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு அவர்கள் வைத்தவை சின்னச் சின்ன வினாக்கள். மாணவர்கள் கையடக்கப் பொத்தானை அழுத்தி விடை சொன்னார்கள். சரியான விடை உடனே காட்டப்பட்டது. அப்படிக் கேட்கப்பட்ட பகுதிகளில் பிறகு நடந்த பாடத் தேர்விலும் மாணவர்கள் கூடுதலாக விடை எழுதினார்கள். அச்சமூட்டாமல் கேட்பதும், தவறினால் உடனே திருத்துவதும் இந்த முறையின் உயிர். ‘தேர்வு’ என்ற சொல் இரண்டையும் கொன்றுவிடுகிறது.

வேறு சொற்கள் இல்லாமலா போயின? இலங்கையில் பாடத்தை மறுபடி படிப்பதை ‘மீட்டல்’ என்பார்கள். அழகான, குறுகிய சொல். ஆனால் புத்தகத்தைப் பார்த்துப் படித்தாலும் மீட்டல்தான், பாராமல் சொன்னாலும் மீட்டல்தான். தமிழ்நாட்டின் ‘திருப்புதல்’ சொல்லிலும் இதே சிக்கல். பார்த்துப் படிப்பதற்கும் பாராமல் சொல்வதற்கும் இடையிலான வேறுபாடுதான் இங்கே விஷயமே என்பதால் இரண்டையும் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது.

‘ஒப்புவித்தல்’ நெருங்கி வருகிறது. பார்க்காமல் சொல்வதுதான் அது. ஆனால் சொல்லுக்குச் சொல், வரி பிசகாமல் ஆசிரியரிடம் ஒப்படைப்பது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. ஏழாம் வகுப்பில் ஓர் ஆசிரியை, “புத்தகம் பைக்குள்ள போகட்டும். நேத்து ஒளிச்சேர்க்கையில என்ன பார்த்தோம்? நினைவுக்கு வர்றதை எழுதுங்க” என்கிறார் என்று வையுங்கள். ஒரு பிள்ளை பச்சையம், சூரிய ஒளி, தண்ணீர் என்று எழுதி, உள்ளே போகும் வாயு எது, வெளியே வரும் வாயு எது என்ற இடத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. கடைசியில் மாற்றி எழுதிவிடுகிறது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து தானே திருத்திக்கொள்கிறது. அது திணறிய அந்த நேரம் வீணான நேரம் அல்ல. இதை ஒப்புவித்தல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மாணவரின் கடமைகளை அடுக்கும் நன்னூல், ‘பாடம் போற்றல்’ என்பதையும் ‘கேட்டவை நினைத்தல்’ என்பதையும் தனித்தனியாக வைக்கிறது. நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்ட நான் வரவில்லை. கேட்டதைப் பலமுறை சிந்திப்பது என்பதுதான் அங்கே பொருள். சோதனை செய்து பார்த்துச் சொன்னதும் அல்ல. ஆனால் பாடத்தைப் பேணுவது வேறு, கேட்டதை மனத்துக்குள் எடுத்துப் பார்ப்பது வேறு என்ற பிரிப்பு நம் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கான வினை ‘நினை’ என்பதும் இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டு மீட்புப் படையை ஏன் அழைக்க வேண்டும்?

என் பரிந்துரை ‘நினைவுகூர் பயிற்சி’. நினைவுகூர்தல் நாளும் புழங்கும் சொல். யார் செய்கிறார், என்ன செய்கிறார் என்பது அதிலேயே தெரிகிறது. ‘பயிற்சி’ என்றதும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது என்பதும் விளங்கிவிடுகிறது. தலைவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்வது போல ஒலிக்கிறதே என்று ஒரு நண்பர் மறுத்தார். பக்கத்தில் பயிற்சி என்று வந்த பிறகு அந்த மயக்கம் நிற்காது என்பது என் எண்ணம். டெஸ்டிங் எஃபெக்டுக்கு ‘நினைவுகூர்தலின் பயன்’ போதும். ‘தேர்வு’ வேண்டவே வேண்டாம். ரெட்ரீவல் என்றே எழுதிவிடலாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. புரியாத தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கிலம் வைப்பதால் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு ஒரு பயனும் இல்லை.

இந்தத் துறையில் மற்ற சொற்களும் இதே கதியில்தான் இருக்கின்றன. பல வகைக் கணக்குகளைக் கலந்து பயிலும் முறைக்கு, இன்டர்லீவிங்குக்கு, ‘இடைச்செருகல்’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். இடைச்செருகல் என்றால் பிற்காலத்தார் பழைய நூலில் நுழைத்த போலிப் பாட்டு என்பது தமிழ் படித்த எவருக்கும் தெரியும். ‘கலந்து பயிலல்’ என்று எழுத என்ன தடை? மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பெயர்க்கும் முன் அந்த வகுப்பறைச் செயலை ஒருமுறை தாங்களே செய்து பார்க்கட்டும். அடுத்த கையேட்டில் தலைப்பாக ‘நினைவுகூர் பயிற்சி’ என்றும், அதன் கீழே ‘புத்தகத்தை மூடிவிட்டு, நினைவுக்கு வருவதை எழுதச் சொல்லுங்கள், பிறகு திறந்து திருத்தச் சொல்லுங்கள்’ என்றும் அச்சிட்டால் அந்த ஆசிரியைக்கு வந்த சந்தேகம் யாருக்கும் வராது.