கூகை: களஞ்சிய ஆந்தை வேண்டாமே

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில், ஓட்டுக்கு அடியில் ஒரு பறவை வந்து அடைந்திருந்தது. ஆளைக் கண்டால் பாம்பு மாதிரி சீறும். படம் பிடித்துச் சித்தப்பா பையனுக்கு அனுப்பினேன். "பார்ன் அவுல்" என்றான். தமிழில் என்னடா என்றால் "களஞ்சிய ஆந்தை" என்கிறான். அம்மாயி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆந்தைக்கு மூஞ்சி இப்பிடியா கண்ணு இருக்கும்? இது கூகை. வெத்தலைய நுனி கீழ வர்றாப்புல புடிச்ச மாதிரி இருக்குது பாரு" என்றார்.

அம்மாயி சொன்னதுதான் சரி. பறவையியலாரும் இரண்டையும் வெவ்வேறு குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள்: கூகை டைட்டோனிடே, மற்ற ஆந்தைகளில் பெரும்பாலானவை ஸ்ட்ரிஜிடே. பிரித்துக்காட்டுவது முகம். வெள்ளை வெற்றிலை முகத்தில் கண் கருப்பாக இருக்கும். தலையில் கொம்பு கிடையாது. அடிவயிறு வெளுத்து, மிளகைத் தூவிய மாதிரி பொடிப்புள்ளி. அந்த முகத்தட்டு ஓசையைக் காதுக்குத் திருப்பிவிடும். காது இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாததால், கும்மிருட்டிலும் எலி எங்கே ஓடுகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

பனைப்பொந்தில் பகலிலேயே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுகிற மஞ்சள் கண்ணன் புள்ளி ஆந்தை, மைனா அளவுதான். கரட்டுப் பாறையில் உட்கார்ந்திருக்கும் பெரியது, செம்மஞ்சள் கண், தலையில் இரண்டு கொம்பு என்றால் கொம்பன் ஆந்தை. அந்தக் கொம்பு காதல்ல, வெறும் இறகுக் குஞ்சம். கோடு என்றாலும் கொம்புதான். கோட்டான் என்ற பெயர் அதிலிருந்து வந்திருக்கும் என்பது என் எண்ணம். கோட்டுக்கு மரக்கிளை என்ற பொருளும் உண்டு என்பதால் இதற்காகச் சண்டைக்கு வரமாட்டேன்.

கூகை என்பது குரலால் வந்த பெயர், 'கூ' என்று கூவுவதால். இடிப்பதும் இங்கேதான். நம் சாளைப் பறவை கூவுவதில்லை, கிறீச்சிடும், சீறும். நற்றிணை 83-ஆம் பாட்டு கூகைக்கு அடையாளம் சொல்கிறது: 'தேயா வளைவாய்த் தெண்கண் கூர்உகிர் வாய்ப்பறை அசாஅம் வலிமுந்து கூகை'. வளைந்த அலகும் தெளிந்த கண்ணும் கூரிய நகமும் எல்லா ஆந்தைக்கும் பொருந்தும். வாயால் பறையடிப்பது கொம்பனுக்குத்தான் பொருந்துகிறது. ஆக, பழம்பாட்டில் வரும் கூகையெல்லாம் இந்த வெள்ளை முகம்தான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 'பகல்வெல்லும் கூகையைக் காக்கை' என்ற குறளுக்கு எந்த ஆந்தையும் சாட்சி: வெளிச்சத்தில் தப்பித்தவறி வெளியே வந்தால் காக்காய்க் கூட்டம் விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இருந்தாலும் இன்றைய தமிழ்ப் பறவை நூல்களில் கூகை என்ற பெயர் இந்தப் பறவைக்கு நிலைத்துவிட்டது. 'பார்ன்' என்பது மேலைநாட்டுப் பண்ணைக் கொட்டகை. இங்கே அது கோயில் கோபுரத்திலும் பாழடைந்த வீட்டிலும் குடியிருக்கிறது. களஞ்சியத்தை எதற்கு இழுப்பது? குஞ்சு கீழே விழுந்தால் 'அரிய வகை ஆந்தை' என்று செய்தி போடுவது அதைவிட வேடிக்கை. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிற குடும்பம் அது.

தொல்காப்பிய மரபியல் இன்னொரு சொல்லும் தருகிறது. பெண்கோழிக்கும் பெண்கூகைக்கும் 'அளகு' என்று பெயர். சாளையில் இப்போது இரண்டு இருக்கின்றன. பெண்ணுக்குத்தான் பெரும்பாலும் மார்பில் புள்ளி கூடுதல். அப்படிப் பார்த்தால் விட்டத்தின் வடக்கு முனையில் இருப்பது அளகு. அம்மாயி அதைப் பொட்டக் கூகை என்கிறார்.