பம்ப் பால் மட்டும் கொடுக்கலாமா? முடிவெடுக்கும் முன் மார்பு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்

என் தங்கைக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் ராத்திரி. மார்பு இரண்டும் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, தொட்டாலே வலி, குழந்தையோ காம்பில் வாயை வைத்ததும் வழுக்கி வழுக்கி விடுகிறது. நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு வீறிட ஆரம்பித்துவிட்டது. எங்கள் அம்மா, "பால் பத்தல போல, பவுடர் பால் வாங்கிட்டு வரச் சொல்லு" என்கிறார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பேசாம பம்ப் பண்ணியே குடுத்திடட்டுமா? இனிமே நேரா வைக்கவே வேணாம்" என்றாள்.

அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லாருக்கும் இதே மாதிரி ஒரு ராத்திரியில்தான் வருகிறது, பதில் சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

முதலில் அந்தக் கல் மாதிரி மார்பு. கர்ப்ப காலத்தின் பாதியிலேயே மார்பு பால் சுரக்கத் தயாராகிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் அதைத் தடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது. பிரசவத்தில் நஞ்சு வெளியே வந்ததும் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது, பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்கிற ஹார்மோன் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, தடை விலகிய இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் பால் பொங்கி வருகிறது. சிசேரியன், சர்க்கரை நோய், பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு இதெல்லாம் இருந்தால் கொஞ்சம் தாமதமாகலாம். பால் பொங்கி வரும்போது ரத்த ஓட்டமும் நீரும் சேர்ந்து அங்கே தேங்குவதால்தான் அந்த இறுக்கம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் பலூன் மாதிரி விறைத்துக்கொள்ளும், குழந்தையால் வாய் நிறையப் பிடிக்க முடியாது. ஆக, எங்கள் வீட்டில் "பால் பத்தல" என்று சொன்ன அந்த நிமிஷம் உண்மையில் பால் நிறைய வந்துவிட்ட நிமிஷம். காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து ஒரு நிமிஷம் மெதுவாக உள்நோக்கி அழுத்தினால் நீர் பின்னால் போய் அந்த இடம் இளகும், குழந்தை பிடித்துக்கொள்ளும். இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால்!

இந்த முதல் கட்டம் ஹார்மோன் வேலை. குழந்தை குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பால் பொங்கி வரும். அதற்குப் பிறகு கதை மாறுகிறது.

ஆற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இறைக்க இறைக்க ஊறும், விட்டுவிட்டால் மணல் மூடிக்கொள்ளும். மார்பும் அப்படித்தான், நிரப்பி வைத்த தொட்டி கிடையாது. பால் தேங்கி நின்றால், தேங்கிய பாலின் அழுத்தமும் அதிலுள்ள சில பொருள்களும் சுரப்பிகளுக்கு 'போதும், குறை' என்று சொல்கின்றன. பால் வெளியே போனால் 'இன்னும் கொடு' என்று அர்த்தம். இந்தக் கணக்கு இடது மார்புக்குத் தனி, வலது மார்புக்குத் தனி. குழந்தை ஒரு பக்கமே விரும்பிக் குடித்தால் அந்தப் பக்கம் மட்டும் அதிகம் ஊறுவது அதனால்தான். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எத்தனை தடவை எடுக்கிறோம் என்பதுதான் பின்னால் வரும் மாதங்களின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பூண்டு, பால் சுறா, கருவாடு என்று வீட்டில் அன்போடு சமைத்துப் போடுகிறார்கள், சாப்பிடட்டும், பிரசவித்த உடம்புக்குச் சாப்பாடு வேண்டும். ஆனால் எடுக்காத பாலை எந்தப் பத்தியமும் ஊற வைக்காது.

பம்ப் மட்டும் என்று முடிவு செய்தால், குழந்தை செய்ய வேண்டிய இந்த 'ஆர்டர் கொடுக்கும்' வேலை முழுக்க மெஷினுக்குப் போகிறது. மெஷினுக்குப் பசிக்காது, அழாது. நீங்கள்தான் கடிகாரம் பார்த்துப் பசிக்க வேண்டும்: ஆரம்பத்தில் 24 மணி நேரத்தில் குறைந்தது 8 தடவை, அதில் ஒன்றாவது நடு ராத்திரிக்குப் பிறகு, ஏனென்றால் புரோலாக்டின் இரவில்தான் உயரமாக இருக்கிறது. ஒரு தடவைக்கு எடுக்க 20 நிமிஷம், ஊட்ட 20 நிமிஷம், கழுவி வைக்க 10 நிமிஷம் என்று வையுங்கள். 8 தடவைக்கு 400 நிமிஷம், அதாவது ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட. நேராகக் கொடுக்கும் அம்மாவுக்கு எடுப்பதும் ஊட்டுவதும் ஒரே வேலை, இவளுக்கு இரண்டு. முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கை யாரும் காகிதத்தில் போட்டுக் காட்டுவதில்லை.

அப்புறம், பம்ப் எப்படி இழுக்கிறது என்பது. நிறையப் பேர் நினைப்பது மாதிரி, காம்புக்குப் பின்னால் பால் தேங்கியிருக்கும் பைகள் எதுவும் இல்லை. 1840இல் ஆஸ்ட்லி கூப்பர் என்கிற ஆங்கிலேய அறுவை மருத்துவர், இறந்த பெண்களின் மார்பில் மெழுகு செலுத்தி வரைந்த படங்களை வைத்துத்தான் பாடநூல்கள் 150 வருடத்துக்கு மேல் அந்தப் பைகளைக் காட்டிக்கொண்டிருந்தன. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பால் கொடுக்கும் அம்மாக்களின் மார்பை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது பை எதுவும் தென்படவில்லை, மெல்லிய குழாய்கள்தான் இருந்தன, அதுவும் காம்புக்குச் சராசரியாக 9. அப்படியென்றால் பால் எங்கே இருக்கிறது? உள்ளே ஆழத்தில், திராட்சைக் கொத்து மாதிரியான சுரப்பிகளில். காம்பு தூண்டப்பட்டதும் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன் வந்து, அந்தக் கொத்தைச் சுற்றியுள்ள தசை செல்களை இறுக்கிப் பிழிந்தால்தான் பால் குழாய்க்கு வருகிறது. இதைத்தான் பால் இறங்குவது என்கிறோம். குழந்தை முதலில் ஒரு நொடிக்கு இரண்டு தடவை போல வேகமாகச் சப்பும், பால் இறங்கியதும் நிதானமாகி நொடிக்கு ஒன்று என்று விழுங்கும். நல்ல மின் பம்ப்புகளில் இருக்கும் இரண்டு வேகங்கள் இதைப் பார்த்துச் செய்தவைதான்.

ஆனால் ஆக்ஸிடோசின் மனசோடு கட்டுண்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால்கூடச் சிலருக்குப் பால் கசியும், பயமும் வலியும் இருந்தால் வராது. அதனால்தான் சிலர் பம்ப் இழுக்கும் விசையை உச்சத்தில் வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் நாலு சொட்டு வருகிறது. விசையைக் கூட்டினால் மட்டும் பால் அதிகமாகிவிடாது, வலிக்காத அளவில் உச்சம் எதுவோ அதுதான் சரி. குழந்தையின் துணியை மடியில் வைத்துக்கொள்வது, வெதுவெதுப்பான ஒத்தடம், எடுக்கும்போதே கையால் மார்பை அழுத்தி விடுவது, இவையெல்லாம் பலன் தருபவை. கடைசியாகச் சொன்னதை ஒருநாளும் விடாதீர்கள். காம்பின் மேல் பொருத்தும் புனலின் அளவையும் பாருங்கள்: பம்ப்போடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர், அது பொருந்தாமல் காம்பு புண்ணாகி, 'எனக்கு பம்ப் ஒத்துக்கல' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

முதல் இரண்டு நாள் பம்ப்பே வேண்டாம் என்பேன். சீம்பால் கெட்டியானது, கொஞ்சம்தான் வரும், பம்ப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகும். கையால் பீச்சி ஒரு கரண்டியில் பிடித்து, பாலாடையில் ஊட்டலாம். முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லிதான். எங்கள் வீட்டில் அந்தச் சின்ன எவர்சில்வர் பாலாடையின் அடியில் மஞ்சளாக, தேன் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்ததைப் பார்த்து 'இவ்ளோதானா' என்றுதான் நானும் கேட்டேன். இவ்வளவுதான் அந்த வயிற்றுக்கு. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும்.

சரி, பம்ப்பில் எடுத்த பாலும் நேராகக் குடிக்கும் பாலும் ஒன்றா? பால் ஒன்றுதான். கிருமிகளை எதிர்க்கும் புரதங்களின் பெரும்பகுதி, குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும் சர்க்கரைகள் எல்லாம் அதிலும் இருக்கின்றன. 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் பீச்சி எடுத்த பாலும் சேர்த்திதான். வித்தியாசம் வழியில் வருகிறது. உறைய வைத்தால் பாலிலுள்ள உயிருள்ள செல்கள் சாகும், வைட்டமின் சி குறையும். ராத்திரிப் பாலில் தூக்கத்துக்கான மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் இல்லை என்றே சொல்லலாம், ஆகவே ராத்திரி எடுத்ததைக் காலையில் கொடுத்தால் குழந்தையின் உடம்புக்கு நேரம் குழம்பலாம் (டப்பாவில் தேதியோடு மணியையும் எழுதிவிடுங்கள், சின்ன வேலைதான்). கனடாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வில், நேராகக் குடித்த குழந்தைகளுக்கு 3 வயதில் ஆஸ்துமா அறிகுறி குறைவாகவும், பவுடர் பால் குடித்தவர்களுக்கு அதிகமாகவும், பம்ப் பாலும் குடித்தவர்கள் நடுவிலும் இருந்தார்கள். பம்ப் செய்யும் அம்மாக்களின் வாழ்க்கைச் சூழலே வேறாக இருக்கலாம் என்பதால் இதை வைத்துப் பயமுறுத்த எனக்கு மனசில்லை. இன்னொன்று அமெரிக்காவில் 2012இல் வெளிவந்தது: பாட்டிலில் தாய்ப்பாலே குடித்தாலும், நேராகக் குடிக்கும் குழந்தைகளைவிட எடை வேகமாக ஏறுகிறது. காரணம் பாட்டில் நம் கையில் இருப்பது. மார்பில் குழந்தை தானே நிறுத்தும், பாட்டிலில் மிச்சத்தையும் முடிக்க வைக்கத்தான் நமக்குத் தோன்றும். நடுநடுவே நிறுத்தி, முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள், மிச்சம் போனால் போகட்டும்.

அளவைப் பற்றி ஒரு சேதி, இது தெரியாமல் எத்தனை பேர் அழுகிறார்கள். முதல் மாதம் முடிந்ததிலிருந்து ஆறாம் மாதம் வரை குழந்தை ஒரு நாளைக்குக் குடிக்கும் தாய்ப்பால் ஏறக்குறைய ஒரே அளவுதான், சராசரி 750 மில்லி பக்கம். வளரும் வேகம் மாதாமாதம் குறைவதால் அது போதும். "கொழந்த வளருது, அதே பால் எப்படிப் பத்தும்" என்று கேட்பவர்களிடம் சண்டை போட வேண்டாம், எடையையும் டயப்பரையும் காட்டுங்கள்: ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு 6 தடவையாவது மூத்திரம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புதல். இரண்டும் இருந்தால் பால் போதும். பயந்துபோய்த் தேவைக்கு மேல் பம்ப் செய்தால் ஊற்று அதற்கும் பழகிவிடும், பிறகு பால் கட்டி, காய்ச்சல், மார்புச் சீழ் என்று இழுத்துவிடும்.

எடுத்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்று சொல்லப்படும் கணக்கு 25 டிகிரி வரை உள்ள அறைக்குத்தான். நம் ஊர் மே மாதத்தில் அது நடக்காது, எடுத்ததும் ஃப்ரிட்ஜின் உட்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். அங்கே 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நல்லது. உருகியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் ஃப்ரீசரை நம்பி மாசக்கணக்கில் சேர்க்க வேண்டாம். சோப்பு வாசனை வந்தால் கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், கொழுப்பைப் பிரிக்கும் நொதியின் வேலை அது.

சில குழந்தைகளுக்கு பம்ப் பால்தான் உயிர். குறைமாதத்தில் பிறந்து என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும் குழந்தை, அண்ணப் பிளவு உள்ள குழந்தை. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகும் நோயைத் தாய்ப்பால் கணிசமாகத் தடுக்கிறது. 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கியது இப்படிப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்காகத்தான், பின்னர் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது. காம்பு வெடித்து ரத்தம் வரும் அம்மாவுக்கும், மார்பில் வைப்பதே தாங்க முடியாத பழைய காயம் மனசில் உள்ளவளுக்கும், வேலைக்குத் திரும்ப வேண்டியவளுக்கும் அதே நியாயம் உண்டு. 2017க்குப் பிறகு சட்டப்படி 26 வார விடுப்பு இருக்கிறது, ஆனால் அது கிடைக்கும் வேலையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்?

என்னைக் கேட்டால், மூன்றாம் நாள் ராத்திரியில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரு பாலூட்டல் ஆலோசகரிடம் குழந்தையின் பிடிப்பைக் காட்டுங்கள், இரண்டு மூன்று வாரம் 8 தடவை எடுத்து ஊற்றைக் காப்பாற்றிக்கொண்டே, தினம் கொஞ்ச நேரம் குழந்தையை வெறும் மார்பில் போட்டு வையுங்கள். பல குழந்தைகள் அந்த இடைவெளியில் தானாகவே பிடிக்கின்றன.

என் தங்கையின் குழந்தை பிடிக்கவில்லை. ஒரு மாதம் முயன்றாள், அப்புறம் முழுக்க பம்ப் என்று முடிவு செய்தாள். இப்போது நாலாம் மாதம். ராத்திரி மூணு மணிக்கு அவள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, மாமியார் எழுந்து வந்து பத்து மணிக்கு எடுத்து வைத்ததை வெந்நீர்ப் பாத்திரத்தில் வெதுவெதுப்பாக்கி ஊட்டிவிடுகிறார். பம்ப்பைப் பிரித்துக் கழுவும்போது அந்த வெள்ளை ரப்பர் வால்வு தொலையாமல் இருக்க ஒரு டீ வடிகட்டியில் போட்டு அலசலாம் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லிவிடுவதால் அவளுக்கு ஆறு மணி வரை தூக்கம் கிடைக்கிறது.