நேரடி விமானமா, இடைநில்லா விமானமா?

‘நேரடி விமானம்’ என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்க்கக் கடல் கடந்து போகும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். டிக்கெட் போட்டுத் தருபவர், “நேரடி விமானம்தாம்மா, கவலையே வேண்டாம்” என்கிறார். நடுவழியில் ஏதோ ஓர் ஊரில் கைப்பையோடு இறங்கச் சொல்லும்போது அந்த அம்மாவுக்கு அடிவயிறு கலங்குகிறது. முகவர் பொய் சொல்லவில்லை, அவர் எடுத்த சொல் அப்படி.

விமானத் துறையில் டைரக்ட் வேறு, நான்ஸ்டாப் வேறு. முதலாவதில் விமான எண் கடைசிவரை மாறாது. ஆனால் விமானம் இடையில் தரையிறங்கலாம். இரண்டாவது, கிளம்பினால் சேருமிடத்தில்தான் தரை தொடும். சிட்னியிலிருந்து லண்டன் ஏறத்தாழ 17,000 கி.மீ. ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் ‘குவாண்டாஸ் 1’ விமானம் ஒரே எண்ணில் சிங்கப்பூரில் இறங்கிப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும். அதே நிறுவனம் 2018 மார்ச்சில் தொடங்கிய பெர்த்–லண்டன் சேவையோ சுமார் 14,500 கி.மீ. தூரத்தை எங்கும் இறங்காமல் 17 மணி நேரச் சொச்சத்தில் கடக்கும்படி அமைந்தது. இரண்டையும் ‘நேரடி’ என்றே எழுதுகிறவருக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

டைரக்ட் லத்தீன் வழி வந்தது, ‘நேராக்கிய’ என்று பொருள். ‘நேரடி’ அதற்குப் பொருத்தமே. இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்ஸ்டாப்புக்குத்தான் ஆளாளுக்கு ஒன்றைச் செய்கிறார்கள். ‘நிறுத்தமற்ற விமானம்’ என்றால் பிரேக் பிடிக்காத விமானம் போலத் தொனிக்கிறது. நிறுத்தம் என்பது நமக்குப் பஸ் நிற்கும் இடமும்கூட. ‘இடைவிடாத விமானம்’ இன்னும் மோசம். இடைவிடாத மழை என்போம், ஜூலையில் கூடலூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும், அது ஓயாதது. விமானம் ஓய்ந்தாக வேண்டும், சேருமிடத்தில். ‘தொடர் விமானம்’ என்றும் ஒன்று கண்ணில் பட்டது, எதைத் தொடர்கிறதோ. விமானத்தை வானூர்தி ஆக்குவதில் காட்டும் வேகத்தில் பாதியை இங்கே காட்டியிருக்கலாம்.

இத்தனைக்கும் சொல் பஸ் நிலையத்திலேயே இருக்கிறது. குன்னூரில் நின்று “கோயமுத்தூருக்கு நேர் பஸ் இருக்கா?” என்று கேட்பவர், மேட்டுப்பாளையத்தில் மாறாமல் போக முடியுமா என்றுதான் கேட்கிறார். அந்தப் பஸ் பர்லியாறில் நிற்கும், வழியில் ஆள் ஏறும், இறங்கும். யாரும் சண்டைக்குப் போவதில்லை. எங்கும் நிற்காதது வேண்டுமானால் ‘இடைநில்லா’ என்ற பலகையைத் தேடுவார்கள். படிக்காத பாட்டிக்கும் விளங்கும் இந்த வேறுபாடு, விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் காணாமல் போகிறது.

பயணச்சீட்டுச் செயலிகளில் ‘பறக்கும் நேரம்’ என்று போடுவதும் இதே அரைகுறை வேலைதான். அட்டவணையில் உள்ளது வாயிலை விட்டு நகர்ந்தது முதல் மறுவாயிலில் நிற்கும்வரையான நேரம். ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம். ‘பயண நேரம்’ என்றால் போதும்.

இடை, நில்: இரண்டும் நம் சொற்கள். ‘நில்லாத’ ஈறு கெட்டு ‘நில்லா’ ஆயிற்று. பலகைகளில் ‘இடைநில்லா பேருந்து’ என்று ‘ப்’ என்னும் ஒற்றை விழுங்கிவிடுகிறார்கள்; ‘இடைநில்லாப் பேருந்து’ என்றே வர வேண்டும். விமானத்துக்கு அந்தத் தொல்லையும் இல்லை, வகரம் மிகாது.