கால் நரம்பு நெஞ்சுக்குப் போனபின் என்ன ஆகிறது?

"அடைப்பை எடுத்தாச்சு, புது நரம்பு வெச்சாச்சு, அப்புறம் மாத்திரை எதுக்கு டாக்டர்?" பைபாஸ் முடிந்து சில மாதங்களில் வரும் பலர் கேட்கும் கேள்வி இது. முதலில் ஒரு திருத்தம். அடைப்பை நாங்கள் எடுப்பதில்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு மாற்றுப்பாதை போடுகிறோம், அவ்வளவுதான். நரம்பு என்பதும் பேச்சு வழக்கு (வார்டில் நானும் அப்படித்தான் சொல்கிறேன்), உண்மையில் காலில் இருந்து எடுப்பது ஒரு சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்.

அந்தச் சிரையின் உள்பக்கம் ஒரே ஒரு செல் தடிமனுக்கு ஒரு படலம் இருக்கிறது, எண்டோதீலியம் என்போம். பார்த்தால் வெறும் பளபளப்பான பூச்சு மாதிரிதான் தெரியும், ஆனால் ரத்தம் உறையாமல் ஓடுவதும் குழாய் தேவைக்கு ஏற்ப விரிவதும் அதன் கையில்தான். 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து இதைக் காட்டினார்: உட்படலம் இருந்த துண்டு அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் பட்டதும் தளர்ந்தது, படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளரவே இல்லை. அந்தப் படலம் அனுப்பும் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பிறகு தெரியவந்து, 1998-ல் அவருக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது சங்கடமான பகுதி. அந்தப் படலத்துக்கு முதல் அடி எங்கள் கையாலேயே விழலாம். காலில் இருந்து சிரையைப் பிரிக்கும்போது இழுக்கிறோம், சுற்றியுள்ள கொழுப்பை உரிக்கிறோம், கசிவு இருக்கிறதா என்று பார்க்க சிரிஞ்சால் திரவம் ஏற்றி உப்ப வைக்கிறோம். கை கொஞ்சம் அழுத்தினாலே உள்ளே அழுத்தம் 300 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், சாதாரண ரத்த அழுத்தமே 120 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் சலைனில் ஊறவைத்தாலும் அந்தச் செல்களுக்கு ஆகாது. அதனால்தான் சுற்றுக் கொழுப்போடு சேர்த்து, தொடாமல் எடுக்கும் முறை வந்திருக்கிறது. காலில் காயம் கொஞ்சம் கூடுதலாகும், ஆனாலும் பொருத்தமான நோயாளிக்கு அது நல்ல பேரம் என்பதே என் கருத்து.

அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரம் இன்னொரு அடி. அதன் பிளாஸ்டிக் குழாய்களுக்கு உட்படலம் கிடையாது. அதனால் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்தாலும், ரத்தம் அந்நியப் பொருளைத் தொட்டதும் உடல் முழுக்க ஒரு அழற்சி கிளம்பும், நுண்குழாய்களில் இருந்து நீர் வெளியே கசியும். ஐசியூவில் முகம் வீங்கி, எடை சில கிலோ ஏறிக் கிடப்பவரைப் பார்த்து வீட்டார் பதறுவார்கள். பெரும்பாலும் அது இந்தக் கசிவுதான், சில நாட்களில் வடியும். சர்க்கரையும் சிகரெட்டும் ஏற்கெனவே படலத்தை அரித்து வைத்திருந்தால் மீள நேரமாகும், சிறுநீரகமும் சேர்ந்து திணறலாம்.

சரி, சிரைக்கு வருவோம். மெதுவான ஓட்டத்துக்குப் பழகிய குழாயைத் திடீரென்று தமனியின் துடிப்பில் மாட்டுகிறோம். முதல் மாதத்தில் பயம் ரத்தக்கட்டி, ஒரு வருடத்துக்குள் உட்சுவர் தடிப்பது, அதற்குப் பிறகு பழைய நோயே, அதாவது கொழுப்புப் படிவதே, புதுக் குழாயிலும் தொடங்குவது. பத்து வருடத்தில் சிரை ஒட்டுகளில் ஏறக்குறைய பாதி அடைபட்டோ கெட்டோ போகின்றன. நெஞ்சுக்கூட்டின் உள்பக்கத்து மார்புத் தமனியை ஒட்டினால் பத்தில் ஒன்பது அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அதன் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரப்பது ஒரு முக்கியக் காரணம்.

ஐம்பதுகளில் இருந்த ஒருவர், உடம்பு நன்றாக இருக்கிறதென்று எட்டாம் மாதம் ஆஸ்பிரினையும் கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினையும் நிறுத்திவிட்டு சிகரெட்டை மறுபடி பிடித்தார். திரும்பி வந்தபோது சிரை ஒட்டு இரண்டும் மூடியிருந்தன, மார்புத் தமனி மட்டும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. "கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட் வந்ததே" என்றார். ஸ்டாட்டின் வெறும் எண்ணைக் குறைக்க மட்டும் கொடுப்பதில்லை, படலத்தையும் ஒட்டையும் காக்கவும்தான் என்பதை முதலிலேயே புரியும்படி சொல்லாதது எங்கள் தவறும்கூட.

டிஸ்சார்ஜ் சம்மரியில் லிமா என்று இருந்தால் மார்புத் தமனி, எஸ்விஜி என்றால் கால் சிரை. எது எந்த இதயக் குழாயில் ஒட்டப்பட்டது என்றும் அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள், பின்னால் ஆஞ்சியோகிராம் செய்யும் டாக்டருக்கு ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று தேடும் வேலை மிச்சமாகும்.