ஆக்சலாட்டில் டேங்க் பில்டர் ஸ்பாஞ்ச குழாத்தண்ணில அலசாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்

இந்த மாசத்துல இது மூணாவது கேஸ். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு தண்டையார்பேட்டைல இருந்து போன், "அண்ணே, ஆக்சலாட்டில் எதுவும் சாப்பிடல, செவுள்லாம் முன்னாடி சுருண்டுருக்கு"ன்னு ஒரு பையன். (ஆக்சலாட்டில்னா தண்ணிக்குள்ளயே வாழ்ற, தலைக்கு வெளிய செவுள் இருக்குற ஒரு பிராணி.) போய்ப் பாத்தா டேங்க் பளபளன்னு இருக்கு. அமோனியா (அதோட கழிவுல இருந்து வர்ற விஷம்) டெஸ்ட் பண்ணேன், மஞ்சளாவே நிக்க வேண்டிய தண்ணி அஞ்சு நிமிஷத்துல கரும்பச்சை ஆயிடுச்சு, அவ்ளோ அமோனியா. பில்டர என்ன பண்ணீங்கன்னு கேட்டா அவங்க அம்மா, "ஒரே அழுக்கு தம்பி, மெட்ரோ தண்ணில நல்லா கசக்கி மொட்டமாடில ரெண்டு நாள் காய வச்சேன்"ன்றாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, வித்தவங்க சொல்லணும்ல.

அந்த பிரவுன் வழவழப்பு அழுக்கு இல்லங்க. எத்தன தடவ சொல்றது. அது உயிரு. அமோனியாவ தின்னு தீக்குற பாக்டீரியா அதுலதான் குடியிருக்கு, அது வளர்றதுக்கே ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகும். மெட்ரோ தண்ணில க்ளோரின் போடுறதே கிருமி சாகத்தான், உங்க ஸ்பாஞ்சுல இருக்குறத மட்டும் விட்டு வைக்குமா? மிச்சம் மீதி இருந்தா அதயும் வெயில் முடிச்சிரும். தண்ணி தெளிவா இருக்கேன்னு காட்டாதீங்க, அமோனியாவுக்கு கலரே கிடையாது.

கொளத்தூர்ல மீன் வாங்கி வளத்த பழக்கத்துல இதயும் மீனுன்னு நெனைக்கிறாங்க. இது மெக்சிகோ சோச்சிமில்கோ ஏரிக்காரன், தவளைக்குச் சொந்தமான சாலமண்டர், தோல் வழியாவும் மூச்சு விடும், அதுக்கு 16லருந்து 18 டிகிரி தண்ணி வேணும், 24 தாண்டினாலே தாங்காது. சூடு ஏற ஏற அதே அமோனியா இன்னும் விஷமாகும், அதனால நம்ம ஊர் வெயில்ல பில்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க.

வாரம் ஒருதடவ கால்வாசி தண்ணி மாத்துவீங்கல்ல, அந்த பழைய தண்ணிய பக்கெட்ல புடிச்சு, ஸ்பாஞ்ச அதுலயே ரெண்டு மூணு தடவ பிழிங்க, அவ்ளோதான். நிறம் போகணும்னு இல்ல, தண்ணி ஓடுனா போதும். சோப்பு, டெட்டால், சுடுதண்ணி கிட்டயே வரக்கூடாது. ரெண்டு ஸ்பாஞ்ச் போட்டு ஒரு வாரம் ஒண்ணு, அடுத்த வாரம் இன்னொண்ணுன்னு பிழிங்க. புதுத்தண்ணிக்கு ஆன்டி க்ளோரின் (க்ளோரின முறிக்கிற மருந்து) கண்டிப்பா. பில்டர்ல இருந்து தண்ணி வேகமா ஆக்சலாட்டில் மேல அடிக்காம கண்ணாடிப் பக்கம் திருப்பி விடுங்க, வேகம் அதிகமானாலும் செவுள் சுருளும்.

ஏற்கனவே ஸ்பாஞ்ச அலசிட்டீங்கன்னா ஆக்சலாட்டில டேங்க்லயே விடாதீங்க. ஒரு பிளாஸ்டிக் டப்பால ஆன்டி க்ளோரின் போட்ட தண்ணில விட்டு, தினமும் மொத்தத் தண்ணியயும் மாத்துங்க, டப்பா இருக்குற ரூம்ல ஏசிய போட்டு விடுங்க. டேங்க்ல அமோனியா, நைட்ரைட் (அமோனியாவ பாக்டீரியா தின்னா வர்ற அடுத்த விஷம்) ரெண்டும் ஜீரோ காட்டுற வரைக்கும் திரும்ப விடாதீங்க, ப்ளீஸ், குழந்தை அழுவுதுன்னு அவசரப்படாதீங்க.

தண்டையார்பேட்டை ஆளு இப்ப டப்பாலதான் இருக்கு. நேத்து ஒரு மண்புழுவுல பாதி தின்னுச்சாம், பையன் வீடியோ அனுப்பிருக்கான். செவுள் இன்னும் முழுசா நிமிரல.